அது கிற்றார் இல்லை: 1973 சென்ட்ரல் பார்க் ஒலிப்பதிவும் ஐந்து பேரின் வாத்தியங்களும்

செமஸ்டர் சோதினை முடிந்த இரவு எங்கட போர்டிங் அறையில் ஒரு சண்டை. அரசியலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. ஒரு பாட்டில் கேட்கிற வாத்தியம் கிற்றாரா இல்லையா என்பதுதான் பிரச்சினை.

அறையில் நாங்கள் நாலு பேர். ஒருவன் கோயில் திருவிழாக்களில் இசைக்குழுவுக்குக் கீபோட் வாசிக்கிறவன். ஒருவன் கிற்றார் பழகத் தொடங்கி ஆறு மாதம். இன்னொருவனுக்குப் பழைய வெளிநாட்டு இசை எல்லாம் தேடித்தேடிக் கேட்கிற விசர். எனக்கு ஒரு வாத்தியமும் வராது; நான் வரலாறு படிக்கிறவன். அந்த மூன்றாமவன்தான் போனை ஸ்பீக்கரில் மாட்டி 'சிஸ்டர் அன்ட்ரியா' என்ற பாட்டைப் போட்டான். மஹாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-றொக் குழு 1973 ஓகஸ்டில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்த கச்சேரியின் பதிவு.

"மச்சான், இந்தக் கிற்றார் சோலோவைக் கேளடா," எண்டான் கிற்றார் பழகுறவன்.

"அது கிற்றார் இல்லையடா. கீபோட்."

"கீபோட்டில எப்பிடியடா சுரம் வளையும்? விசர்க்கதை கதைக்காத."

விடிய இரண்டு மணி மட்டும் இது போனது. கடைசியில் கீபோட்காரன் சொன்னதுதான் சரி. அது யான் ஹமர் என்பவர் வாசித்த மினிமோக் என்ற சின்தசைசர். தோற்றவன் கேட்ட கேள்விதான் எனக்கு இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. கட்டைகளை அழுத்தி வாசிக்கிற ஒரு பெட்டி எப்படிக் கிற்றார் போல அழுதது? ஏன் அப்படி அழ விரும்பினார்கள்? அதைத் தேடிப் போனபோது ஒரு குழு உடைந்த கதை வந்தது. அதற்குப் பின்னால், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காமல், யாழ்ப்பாணமும் வந்தது.

1969: ஜாஸ் பிளக்கில் மாட்டப்படுகிறது

முதலில் காலத்தைப் பாப்பம். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் ஜாஸ் இசை நெருக்கடியில் இருந்தது. ஜாஸ் சின்னக் கிளப்புகளின் இசை. மேசைக்கு மேசை கிளாஸ் தட்டும் சத்தத்துக்கு நடுவில் ஐம்பது, நூறு பேர் கேட்பார்கள். றொக் அதற்குள் மைதானங்களுக்கும் பூங்காக்களுக்கும் போய்விட்டது. இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேதான் நின்றார்கள். இரண்டுக்கும் இடையிலிருந்த பெரிய வித்தியாசங்களில் ஒன்று அம்ப்ளிஃபயர்.

ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் இதை விளங்கிக்கொண்டார். 1969 பெப்ரவரியில் 'இன் எ சைலன்ட் வே' அல்பத்தை மின் பியானோக்களையும் மின் கிற்றாரையும் வைத்துப் பதிவு செய்தார். அதே வருடம் ஓகஸ்ட் 19 தொடங்கி மூன்று நாட்கள் 'பிட்சஸ் புறூ' பதிவானது. புகழ்பெற்ற வூட்ஸ்டொக் இசைவிழா முடிந்தது ஓகஸ்ட் 18 காலை. அங்கே மேடை கழற்றிக்கொண்டிருக்கும்போது இங்கே ஜாஸ் தன் உடுப்பை மாற்றிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு அல்பங்களிலும் கிற்றார் வாசித்தவர் ஜோன் மக்லொக்லின். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் 1942இல் பிறந்தவர். 1969 தொடக்கத்தில் ட்ரம்ஸ் கலைஞர் டொனி வில்லியம்ஸின் குழுவில் சேர அமெரிக்கா வந்தவரை மைல்ஸ் உடனேயே பிடித்துக்கொண்டார். 'பிட்சஸ் புறூ'வில் ஒரு பாட்டுக்குப் பெயரே 'ஜோன் மக்லொக்லின்'தான்.

1971இல் மக்லொக்லின் சொந்தக் குழு தொடங்கினார். பெயர் மஹாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா. 'மஹாவிஷ்ணு' என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் அவருக்குக் கொடுத்த பெயர். சின்மோய் கிழக்கு வங்காளத்தில் பிறந்து 1964இல் நியூயோர்க்குக்கு வந்த ஆன்மீக ஆசிரியர். மக்லொக்லின் தலைமயிரை ஒட்ட வெட்டி, வெள்ளை உடுத்து, கச்சேரி தொடங்கமுன் சபையைக் கொஞ்ச நேரம் மௌனமாக இருக்கச் சொல்வார். அது முடிய, காது கிழிகிற சத்தம்.

மற்ற நாலு பேரும் வந்த இடங்களைப் பாருங்கள். ட்ரம்ஸ் பில்லி கொபம் பனாமாவில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்தவர். அமெரிக்க இராணுவ பாண்ட் ஒன்றில் வாசித்தவர். கீபோட் யான் ஹமர் பிராக் நகரத்துக்காரர். 1968இல் சோவியத் தாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்த பிறகு அமெரிக்காவுக்குப் போய், பொஸ்டனில் பேர்க்லி இசைக் கல்லூரியில் சேர்ந்தவர். பேஸ் கிற்றார் ரிக் லெயர்ட் டப்ளினில் பிறந்து, பதின்ம வயதில் நியூசிலாந்து போய், அவுஸ்திரேலியா வழியாக லண்டன் வந்தவர். வயலின் ஜெரி குட்மன் ஒருவர்தான் பிறப்பிலேயே அமெரிக்கர், சிக்காகோக்காரர். அவர் 'த ஃப்ளொக்' என்ற றொக் குழுவுக்கு முதலில் சாமான் சட்டு பார்க்கிற ஆளாகப் போய், பிறகு அதே குழுவில் வயலின் வாசித்தவர்.

ஆக, குழுவின் பெயர் வைணவம், குரு வங்காளி, வாசிக்கிறவர்கள் ஐந்து ஊர்க்காரர். இதைக் "கிழக்கும் மேற்கும் சந்தித்தன" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது லேசு. அந்தச் சந்திப்பு எங்கே, எப்படி நடந்தது என்று பார்க்க வாத்தியங்களைக் கிட்ட வைத்துப் பார்க்கவேணும்.

மேடையில் என்னென்ன இருந்தன

மக்லொக்லின் இந்தக் குழுவுக்காக எடுத்தது இரட்டைக் கழுத்துக் கிற்றார். ஆரம்பத்தில் கிப்சன் நிறுவனத்தின் ஈ.டி.எஸ். 1275. ஒரே உடம்பில் மேலே பன்னிரண்டு தந்திக் கழுத்து, கீழே ஆறு தந்திக் கழுத்து. பன்னிரண்டில் மணி குலுங்குவது போன்ற அடுக்குச் சுரங்களை வாசிப்பார். அடுத்த செக்கன் கை கீழே இறங்கி ஆறில் மின்னல் வேகத் தனி வாசிப்பு. மேடையில் பாட்டின் நடுவே கிற்றார் மாற்ற நேரமில்லாதவனுக்கு இது தேவை. அது நூறு வோட் மார்ஷல் அம்ப்ளிஃபயருக்குள் போகும். மார்ஷல் லண்டனில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்தவரின் கண்டுபிடிப்பு. றொக் குழுக்கள் "இன்னும் சத்தம் வேணும்" என்று கேட்டுக் கேட்டுப் பெருத்த பெட்டி அது.

1973இல் கலிபோர்னியாவின் ரெக்ஸ் போக் என்ற கைவினைஞர் மக்லொக்லினுக்கு இன்னொரு இரட்டைக் கழுத்துக் கிற்றார் செய்து கொடுத்தார். 'டபிள் ரெயின்போ' என்று பெயர். கழுத்து முழுக்கச் சிப்பியில் இழைத்த கொடி படர்ந்திருக்கும். 1975இல் அது விழுந்து உடைந்துபோனது. சென்ட்ரல் பார்க் பதிவில் கேட்பது கிப்சனா, போக்கா என்று ரசிகர்கள் இன்றைக்கும் படத்தையும் சத்தத்தையும் வைத்து அடிபடுகிறார்கள். எங்கட அறைச் சண்டைக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பில்லி கொபத்தின் ட்ரம்ஸ் தெளிவான அக்ரிலிக்கில் செய்தது. கண்ணாடி மாதிரி ஊடே பார்க்கலாம். இரண்டு பெரிய பேஸ் ட்ரம், இரண்டு காலாலும் உதைப்பார். சாதாரணமாக வலக்கைக்காரர் ஹை-ஹற் வாசிக்க வலக்கையை இடக்கைக்கு மேலால் குறுக்கே கொண்டுபோவார்கள். கொபம் கையைக் குறுக்கே போடமாட்டார். இடக்கையாலேயே அதைத் தட்டுவார். அதனால் வலக்கை முழு ட்ரம்ஸையும் சுற்றிவரச் சும்மா இருக்கும். அந்தப் பதிவில் 'இதை ஒரு ஆள்தான் வாசிக்கிறாரா' என்று தோன்றுகிற இடங்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

யான் ஹமரிடம் இரண்டு கருவிகள். ஒன்று ஃபெண்டர் றோட்ஸ் மின் பியானோ. கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் மெல்லிய உலோகக் கம்பியை அடிக்கும். அந்த அதிர்வைக் கிற்றாரில் இருப்பது போன்ற பிக்கப் பிடித்து மின்சாரமாக்கும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஹெரல்ட் றோட்ஸ் பியானோ ஆசிரியர். இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுக் கட்டிலில் கிடந்த சிப்பாய்களுக்குப் பியானோ பழக்க, பி-17 குண்டுவீச்சு விமானங்களின் அலுமினியக் குழாய்களை வெட்டி மடியில் வைத்து வாசிக்கிற ஒரு சின்னப் பியானோ செய்தார். அந்தச் சிந்தனையிலிருந்துதான் பின்னால் றோட்ஸ் பியானோ வந்தது. குண்டு போட்ட விமானத்தின் உடம்பிலிருந்து ஒரு வாத்தியம். இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருந்தேன்.

மற்றது மினிமோக். 1970இல் சந்தைக்கு வந்த கருவி. அதற்கு முந்திய சின்தசைசர்கள் சுவர் அளவு அலுமாரிகள்; இதை இரண்டு பேர் தேவையில்லாமல் ஒருவரே தூக்கலாம். நாற்பத்து நாலு கட்டைகள், மூன்று ஒலி பிறப்பிகள், ஒரு வடிகட்டி. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பத்து விரலையும் வைத்தாலும் ஒரு சுரம்தான். பியானோ வாசிக்கிறவனுக்கு இது ஊனம். நாதஸ்வரக்காரனுக்கு இது இயல்பு!

இடப்பக்கம் இரண்டு சில்லுகள் இருக்கும். ஒன்றை உருட்டினால் சுரம் மேலே கீழே வழுக்கும். பலர் அதை ஒரு வேடிக்கைக்குத் தொடுவார்கள். ஹமர் இடக்கையை அதிலேயே வைத்திருந்தார். வலக்கை சுரத்தைத் தொடும். இடக்கை அந்தச் சுரத்தைக் கிற்றார்காரன் தந்தியை இழுப்பது போல வளைக்கும். "கீபோட்டில எப்பிடியடா வளையும்?" என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சின்னச் சில்லுதான்.

குட்மனின் வயலினில் பிக்கப் பூட்டியிருந்தது. வயலினுக்கு இயல்பிலேயே படிகள் இல்லை, விரல் போகிற இடமெல்லாம் சுரம். ஆக மேடையில் மூன்று குரல்கள்: கிற்றார், வயலின், மினிமோக். மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி வளைந்து, ஒன்றையொன்று துரத்தும். ஒருவர் நாலு சுற்று வாசிக்க அடுத்தவர் பதில் சொல்வார், பிறகு இரண்டு சுற்று, பிறகு ஒன்று, கடைசியில் எல்லோரும் ஒன்றாக விழுவார்கள். தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக் குறைத்துக்கொண்டு வருகிற அதே விளையாட்டு.

இது நான் வலிந்து பூட்டுகிற ஒப்பீடு இல்லை. மக்லொக்லின் எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தவர். கர்நாடக இசையின் தாளக் கணக்கு அவரைப் பிடித்தாட்டியது. குழுவின் 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' பாட்டைக் கையில் தட்டி எண்ணிப் பாருங்கள், ஒரு சுற்றுக்குப் பதினெட்டு வரும். நாலு நாலாகத் தலையாட்டிப் பழகிய றொக் ரசிகனுக்கு அது எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. இவ்வளவுக்கும் நடுவில் ரிக் லெயர்ட் பேஸில் அசையாமல் நிற்பார். அவர் பறப்பதில்லை. மற்றவர்கள் பறந்துவிட்டு வந்து இறங்க ஒரு தரை வேணும், அந்தத் தரை அவர்.

அந்தக் கோடைகாலம்

1973 யூனில் குழு மூன்றாவது அல்பத்துக்காக லண்டன் ட்ரைடன்ட் ஸ்டூடியோவுக்குப் போனது. முதல் இரண்டு அல்பங்களும் நல்லாப் போயிருந்தன. பெரிய மேடைகள், ஓய்வில்லாத பயணம். ஸ்டூடியோவில் ஆறு பாட்டுகள் பதிவாயின. ஆனால் அல்பம் வெளிவரவில்லை. ஆட்களுக்குள் ஏற்கெனவே முகம் கொடுத்துக் கதைக்காத நிலை.

கம்பனிக்கு ஒரு அல்பம் வேணும். அதற்குப் பதிலாக ஓகஸ்டில் சென்ட்ரல் பார்க் கச்சேரியைப் பதிவு செய்தார்கள். இடம் பூங்காவுக்குள் இருக்கிற வொல்மன் ரிங்க். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடுகிற தளம், கோடையில் ஷேஃபர் இசைவிழாவின் மேடை. நொவம்பரில் 'பிற்வீன் நத்திங்னெஸ் அன்ட் இற்றேர்னிற்றி' என்ற பெயரில் இசைத்தட்டு வந்தது. மூன்றே மூன்று பாட்டுகள். 'ட்ரிலொஜி' பன்னிரண்டு நிமிடம், 'சிஸ்டர் அன்ட்ரியா' எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல், இரண்டாம் பக்கம் முழுக்க 'ட்ரீம்', இருபத்தொரு நிமிடம்.

வரலாறு படிக்கிறவனுக்கு இங்கே ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. லண்டன் பதிவுகள் 1990களின் இறுதியில் கம்பனியின் களஞ்சியத்தில் கிடைத்து, 1999இல் 'த லொஸ்ட் ட்ரைடன்ட் செஷன்ஸ்' என்று வெளிவந்தன. மேடையில் வாசித்த அதே மூன்று பாட்டுகளும் அதில் இருக்கின்றன. இரண்டு மாத இடைவெளியில் அதே ஐந்து பேர், அதே பாட்டுகள், ஒன்று மூடிய அறையில், மற்றது திறந்த வெளியில். ஒரே நிகழ்வுக்கு இரண்டு ஆவணம் கிடைப்பது எங்கட துறையில் எவ்வளவு அருமை என்று பாடத்தில் படித்திருக்கிறோம்.

லண்டனில் 'ட்ரீம்' பதினொரு நிமிடம். மேடையில் ஏறக்குறைய இரட்டிப்பு. அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? கிற்றாரும் ட்ரம்ஸும் மட்டும் தனியே மோதுகிற ஒரு நீண்ட பகுதி வருகிறது. மற்ற மூவரும் விலகி நிற்க, மக்லொக்லினும் கொபமும் ஒருவரையொருவர் வேகத்தில் வெல்லப் பார்க்கிறார்கள். இன்னொரு இடத்தில் 'க்ரீம்' குழுவின் 'சன்ஷைன் ஒஃப் யுவர் லவ்' பாட்டின் பிரபலமான துண்டை இடையில் இழுத்துவிடுகிறார்கள். கனமான இசைக்குள் ஒரு கண்ணடிப்பு. முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் இப்படி வாசிக்கலாமா என்று கேட்டேன். இசைக்குழுக்காரன் சிரித்தான்: "மேடையில ஏறினா கோபமும் வாசிப்புத்தான் மச்சான். சில நேரம் சண்டை பிடிச்ச அண்டைக்குத்தான் நல்லா வரும்."

பாட்டு யாருடையது?

ஏன் சண்டை? மதம் ஒரு காரணம் என்பார்கள். தலைவர் குருவின் சீடர், மற்றவர்கள் இல்லை. புகழும் பணமும் திடீரென்று வந்ததும் ஒரு காரணம். ஆனால் இசைத்தட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். முதல் இரண்டு அல்பங்களிலும் எல்லாப் பாட்டுகளுக்கும் கீழே ஒரே பெயர்: ஜோன் மக்லொக்லின்.

தாளில் எழுதிக் கொண்டுவந்தவர் அவர்தான், அதில் பொய் இல்லை. ஆனால் ஜாஸில் பாட்டின் பெரும் பங்கு மேடையில் அந்தந்த நேரத்தில் பிறக்கிறது. ஹமர் அந்த இடத்தில் மினிமோக்கை அப்படி வளைத்திருக்காவிட்டால், கொபம் அந்தத் தாளத்தை அப்படி உடைத்திருக்காவிட்டால், நாங்கள் இன்று கேட்கிற பாட்டு இல்லை. பதிப்புரிமைக் கணக்கு மெட்டை எழுதியவரைத்தான் பெரும்பாலும் 'ஆக்கியவர்' என்று எண்ணும். ட்ரம்ஸ்காரனின் கண்டுபிடிப்புக்கு அந்தக் கணக்கில் பெரிய இடமில்லை.

அதனால்தான் லண்டன் பதிவின் பட்டியல் முக்கியமாகிறது. அதில் முதன்முறையாக ஹமரின் 'சிஸ்டர் அன்ட்ரியா', லெயர்டின் 'ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்', குட்மனின் 'ஐ வொண்டர்' மூன்றும் வருகின்றன. அந்த அல்பம் வெளிவந்திருந்தால் உள்ளே எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். வெளிவந்த சென்ட்ரல் பார்க் தட்டில் அந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. எங்களை விடியவிடிய சண்டை பிடிக்க வைத்த 'சிஸ்டர் அன்ட்ரியா' அந்த ஒன்று. தன் பெயர் கடைசியில் அட்டையில் ஏறிய பாட்டில், ஹமர் தலைவரின் வாத்தியம் போலவே தன் வாத்தியத்தைப் பேச வைத்தார். அதை நாங்கள் தலைவர் என்றே நம்பினோம். யோசித்தால் கொஞ்சம் துக்கமாக இருக்கிறது.

அந்த ஆண்டின் இறுதியில் உறுப்பினர்கள் ஓர் அமெரிக்க இசை இதழுக்குத் தங்கள் மனக்குறைகளை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். டிசெம்பரோடு முதலாவது மஹாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ரா முடிந்தது. 1974இல் ஹமரும் குட்மனும் 'லைக் சில்ட்ரன்' என்ற அல்பத்தைச் செய்தார்கள். லண்டனில் பெட்டிக்குள் போன லெயர்டின் பாட்டும் குட்மனின் பாட்டும் அதில் வெளிச்சம் கண்டன. ஹமர் 1985இல் 'மயாமி வைஸ்' தொலைக்காட்சித் தொடரின் இசையால் உலகப் புகழ் பெற்றார். லெயர்ட் எண்பதுகளில் இசையை விட்டு ஒளிப்படக்காரராகி, 2021இல் காலமானார். மக்லொக்லின் புதிய ஆட்களோடு குழுவைத் திரும்பக் கட்டி, லண்டன் சிம்பனி ஓர்கெஸ்ட்ராவோடும் ஒரு அல்பம் செய்தார்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின்காரர்

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருப்பேன். 1975 வந்து மறித்தது.

அந்த வருடம் யூலை 5ஆம் திகதி, நியூயோர்க்குக்குக் கிட்டிய லோங் ஐலண்டில் சவுத்ஹம்டன் கல்லூரியில் ஒரு கச்சேரி. மக்லொக்லின் இப்போது மார்ஷல் பெட்டியில்லாமல், நிலத்தில் சம்மணமிட்டு இருக்கிறார். பக்கத்தில் தபேலா சாகிர் ஹுசைன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன், வயலின் எல். சங்கர். குழுவின் பெயர் 'சக்தி'. அந்த ஒரு நாள் கச்சேரிப் பதிவே அவர்களுடைய முதலாவது அல்பமாக 1976இல் வெளிவந்தது.

எல். சங்கர் 1950இல் சென்னையில் பிறந்தவர், ஆனால் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தகப்பன் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். கச்சேரிகளில் பாடகருக்குப் பின்னால் பக்கவாத்தியமாக இருந்த வயலின், தனியே முன்னுக்கு வரவேணும் என்பது அவருடைய கனவு. பிள்ளைகளை அதற்காகவே வளர்த்தார். மூத்தவர் எல். வைத்தியநாதன், 'ஏழாவது மனிதன்' படத்தின் இசையமைப்பாளர். அடுத்தவர் எல். சுப்பிரமணியம், உலகம் அறிந்த வயலின் கலைஞர். அதற்கு அடுத்தவர் சங்கர்.

1958 கலவரத்தைத் தொடர்ந்து அந்தக் குடும்பம் இலங்கையை விட்டு சென்னைக்குத் திரும்பியது. சங்கருக்கு அப்போது எட்டு வயது. 58 என்றால் எங்களுக்குப் பாடப்புத்தகத்திலும் வீட்டுக் கதைகளிலும் வருவது கொலை, தீ, கப்பலில் வடக்குக்கு வந்த சனம். அந்த ஆண்டு எங்களிடமிருந்து ஒரு வயலின் பள்ளியையும் கொண்டுபோனது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு அமெரிக்க இசைத்தட்டைத் தேடிப்போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

சங்கர் 1969இல் அமெரிக்கா போய் வெஸ்லியனில் ஆராய்ச்சி செய்தார். மக்லொக்லின் வீணை படித்த அதே இடம். இனி வாத்தியத்தைப் பாருங்கள். 'சக்தி'க்காக கிப்சனில் வேலை செய்த ஏப்ரஹாம் வெக்டர் மக்லொக்லினுக்கு ஒரு புதுக் கிற்றார் செய்தார். வழமையான தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளைக்குக் குறுக்காக, தம்புரா போல ரீங்கரிக்க ஏழு தந்திகள். கழுத்தில் மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கினார்கள். பள்ளத்துக்குள் தந்தியை அழுத்தி இழுத்தால் சுரம் வீணையில் போல வளையும். கமகம் வரும்.

ஹமர் சில்லை உருட்டித் தேடியதும், மக்லொக்லின் மரத்தைக் குடைந்து தேடியதும் ஒன்றைத்தான். படிப்படியாகக் கட்டிய வாத்தியத்தில் படியில்லாத சுரம். வெவ்வேறு நாடுகளில் செய்த கருவிகள் எல்லாம் அந்த ஒரு இடத்தை நோக்கி வளைந்தன. யாழ்ப்பாணத்தில் ஐந்தாறு வயதில் வயலின் பிடித்த பிள்ளைக்கு அது முதல் நாள் பாடம்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த முதல் 'சக்தி' அல்பத்தில் மூன்று பாட்டுகள். இரண்டு நீண்ட பாட்டுகளுக்கும் கீழே மக்லொக்லின், சங்கர் என இருவர் பெயரும் இருக்கிறது. 1973இல் உடைந்த குழு ஒரு பாடம் படிப்பித்ததா என்று எனக்குள் ஒரு எண்ணம். ஆனாலும் அட்டையின் முகப்பில் 'சக்தி வித் ஜோன் மக்லொக்லின்' என்றுதான் இருக்கிறது. பெயர் போட்டு விற்கிற பழக்கம் லேசில் போகாது.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

முதலில் 'சிஸ்டர் அன்ட்ரியா'வை லண்டன் பதிவில் கேளுங்கோ, ஆறே முக்கால் நிமிடம்தான். பிறகு சென்ட்ரல் பார்க். இயர்போன் போட்டு, எது கிற்றார், எது மினிமோக், எது வயலின் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கோ. பிழைக்கும், பிழைத்தால் வெட்கமில்லை. பிறகு 'சக்தி'யின் 'ஜோய்', பதினெட்டு நிமிடம். சங்கரின் வயலின் கிற்றாரைத் துரத்தத் தொடங்குகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டுங்கோ.

எங்கட அறை இசைக்குழுக்காரன் போன மாதம் அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றை யூரியூப்பில் போட்டான். முதலில் கீழே பாடகரின் பெயர் மட்டும் இருந்தது. இப்போது பாட், கீபோட், பேஸ், வயலின், ஒலிப்பதிவு செய்த பெடியன் மட்டும் எல்லோரும் இருக்கிறார்கள். "உன்ர கட்டுரைக்காக இல்லையடா," எண்டான். சரி, அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லட்சுமிநாராயணாவின் யாழ்ப்பாண வருடங்கள் எங்காவது ஒரு வீட்டில் இன்னும் ஞாபகமாக இருக்கும். 1950களில் அவரிடம் வயலின் பழகிய பிள்ளைகளுக்கு இப்போது எண்பது வயதுக்குக் கிட்ட. உங்கட அம்மம்மாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டு ரீச்சரோ அவரிடம் படித்திருந்தால், அல்லது அந்த வீட்டுப் பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டிருந்தால், போனை எடுத்து அவர்கள் சொல்வதை அப்படியே பதிவு செய்யுங்கோ. எந்த ஒழுங்கை, எந்தக் கோயில், என்ன பாட்டு என்று கேளுங்கோ. பதிவில் சொன்னவரின் பெயரையும் மறக்காமல் போடுங்கோ.